ஒன்பது வாயசைவுகள்

1

இந்தக் கதை ஒரு திருட்டில் பிறந்தது. திருடியவள் நான்தான். பெயர் பெய் ருவோ, வயது நாற்பத்தொன்று, பெய்ஜிங்கில் உட்கார்ந்து தொலைக்காட்சித் தொடர்கள் எழுதுகிறேன். பறிகொடுத்தவர்கள் இருவர். அவர்களிடமிருந்து நான் எடுத்தது பதினெட்டு வருடச் சிநேகிதம். அதை முப்பது எபிசோடாக நறுக்கி, ‘எதிர்க்கதவு’ என்று பெயர் வைத்து விற்றுவிட்டேன். பள்ளிப் பருவத்திலிருந்து எதிரெதிர் வீட்டில் வசிக்கும் ஒருவனும் ஒருத்தியும் கடைசியில் காதலர்கள் ஆகிற தொடர். இந்த நாட்டில் வருடத்துக்கு நாற்பது வருகிறது, நாற்பதையும் பார்க்கிறோம்.

அந்தத் தொடரைப் பற்றி அல்ல இந்தக் கதை. அதில் ஒரே ஒரு வரியை நான் தப்பாக எழுதினேன். அந்த வரியைத் திருத்தப்போன புதன்கிழமை என்ன நடந்தது என்பதுதான் கதை.

எப்படித் தொடங்குவது என்று மூன்று நாளாகப் பார்க்கிறேன்.

‘ஏப்ரல் வந்தால் நகரம் முழுக்க வில்லோ மரப்பஞ்சு பறக்கும், காதலும் அப்படித்தான், எங்கிருந்து வருகிறது என்று—’

(அடித்துவிட்டேன். பஞ்சு மூக்கில் ஏறினால் தும்மல்தான் வரும்.)

‘மியாவ் லின் பேரழகி அல்ல, ஆனால்—’

(இதையும். அவள் படித்தால் என் கழுத்தைத் திருகிவிடுவாள். தவிர, அவள் அழகிதான்.)

நேராகவே சொல்கிறேன்.

2

மியாவ் லின், தோங் ஹைஷெங். இருவருக்கும் முப்பத்திரண்டு வயது. வடகிழக்கே சிசிஹார் ஊர்க்காரர்கள். பதினாலு வயதில் வகுப்பில் ஒரே மேசையில் உட்காரவைக்கப்பட்டார்கள். அவள் குடும்பப் பெயரே பூனை கத்துவது போல இருப்பதால் முதல் நாளே வகுப்பு சிரித்தது. சிரிக்காதவன் தோங் மட்டும். அவன் நல்லவன் என்று நினைத்து அவள் திரும்பிப் பார்த்தபோது, நோட்டில் பூனைப்படம் வரைந்துகொண்டிருந்தானாம். அன்றிலிருந்து அவள் அவனுக்குப் ‘பூனை’.

நடிக்க வேண்டும் என்று இருவரும் பெய்ஜிங் வந்தார்கள். நடிப்புப் பள்ளித் தேர்வில் இருவரையும் ஒரே நாளில் வெளியே அனுப்பினார்கள். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து தேர்வாளர்களைப் போலப் பேசிக்காட்டிச் சிரித்துக்கொண்டிருந்த இருவரையும், வேறு வேலையாக அந்தப் பக்கம் போன ஓர் அம்மாள் நின்று கேட்டார். அவர்தான் குவாங் அக்கா, டப்பிங் இயக்குநர். “மூஞ்சி கெடக்கட்டும், இந்தக் குரலை எனக்குக் குடுங்க” என்று கூட்டிப்போனார்.

முதல் ஐந்து வருடம் கூட்டக்குரல். சந்தை இரைச்சல், போர்க்களத்து அலறல், ‘மகாராஜா வாழ்க.’ பிறகு முக்கிய வேடங்கள். எங்கள் தொடர்களில் திரையில் தெரிகிற அழகான முகங்களில் பாதிக்குச் சொந்தக் குரல் கிடையாது. தோங்கும் மியாவ் லின்னும் அந்த முகங்களுக்குள்ளே இருந்துகொண்டு நூற்றுக்கணக்கான முறை காதலித்திருக்கிறார்கள். சக்கரவர்த்தியாக, வைப்பாட்டியாக, வாள்வீரனாக, நரித்தேவதையாக. மைக் அணைந்ததும், “உன் வாயில பூண்டு நாத்தம்டா” என்பாள் அவள். “உனக்காகத்தான் ரெண்டு பல்லு சேர்த்துத் தின்னேன்” என்பான் அவன்.

ஆறு வருடமாக அந்த ஸ்டூடியோ நடையில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தேன். புளித்த கோஸ் வைத்த கொழுக்கட்டைக்குள் பன்றி இறைச்சி சேர்க்கலாமா கூடாதா என்று ஒரு மத்தியானம் முழுக்கச் சண்டை போட்டார்கள். அது என் எட்டாவது எபிசோட் ஆயிற்று. அவனுக்குக் காய்ச்சல் வந்தபோது அவள் தன் குரலைத் தாழ்த்தி அவன் வேடத்துக்கு நான்கு வரி பேசி யாரும் கண்டுபிடிக்காமல் போனது பன்னிரண்டாவது எபிசோட். அவர்களுக்கே தெரியாமல் எழுதி, அவர்களையே டப்பிங் பேசவும் அழைத்தேன். என் துணிச்சலைப் பாருங்கள்.

3

இந்த இடத்தில் எனக்கு ஒரு பாத்திரத்தின் மேல் சந்தேகம் வருகிறது.

தோங். ஒருவன் பதினெட்டு வருடம் வாயைத் திறக்காமல் இருப்பானா? கதையில் எழுதினால் வாசகர் நம்புவாரா? நீங்கள் நம்புகிறீர்களா?

இத்தனைக்கும் நேரம் கைமீறிக்கொண்டிருந்தது. தெற்கே ஷியாமென் நகரில் ஓர் அனிமேஷன் நிறுவனம் மியாவ் லின்னை மூன்று வருட ஒப்பந்தத்துக்குக் கூப்பிட்டிருந்தது. செப்டம்பரில் சேர வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். பத்து நாள் முன்னால் அதை அவள் தோங்கிடம் சொன்னாள். அவன் என்ன சொன்னான் தெரியுமா? “கடல் காத்து உன் தொண்டைக்கு நல்லது.” மறுநாள் அவள் வாசலில் சாமான் கட்ட ஆறு அட்டைப்பெட்டி கொண்டுவந்து வைத்தான்.

செவ்வாய்க்கிழமை மதியம், ஸ்டூடியோவுக்குப் பின்னால் இருக்கிற நூடுல்ஸ் கடையில் அவனைப் பிடித்து உட்காரவைத்தேன்.

“தோங், நேராக் கேக்கறேன். அவளை உனக்குப் பிடிக்குமா?”

அவன் மிளகாய் எண்ணெயை ஊற்றிக்கொண்டே இருந்தான். கிண்ணம் சிவந்துவிட்டது.

“பெய் டீச்சர், எபிசோட் எழுதப் போறீங்களா?” (எழுதுகிறவர்களை இங்கே மரியாதைக்கு டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள்.)

“இல்லப்பா. சும்மாதான்.”

(பொய். எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன், பாருங்கள்.)

“நான் பாக்கறது ரெண்டு வேலை,” என்றான். “ஒண்ணு டப்பிங். இன்னொண்ணு பூனைக்கு சிநேகிதனா இருக்கறது. ரெண்டாவதுலதான் எனக்கு அனுபவம் ஜாஸ்தி. ஒரு வார்த்தை தப்பாச் சொல்லி அந்த வேலை போச்சுன்னா, என்னை வேற யார் சேத்துக்குவா?”

“அதுக்காக அட்டைப்பெட்டியா கொண்டுபோய்க் குடுப்ப?”

“அவ கேட்டா.”

“‘நிறுத்து’ன்னு நீ சொல்லுவன்னு நெனச்சுக் கேட்டிருப்பா, மடையா!”

அவன் நிமிர்ந்து பார்த்தான். அந்தக் கோணம் அவனுக்குத் தோன்றவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. அங்கேயே என் சந்தேகம் தீர்ந்தது. அப்படி ஒருவன் இருப்பான். உங்கள் தெருவிலும் ஒருவன் இருக்கிறான்.

4

புதன்கிழமை. இருபத்திரண்டாவது எபிசோட், ரயில் நிலையக் காட்சி.

நாயகி பெட்டியோடு நிற்கிறாள். நாயகன் ஓடி வருகிறான், கையை நீட்டுகிறான், சொல்கிறான். நான் எழுதிய வரி: ‘பதினாலு வயதிலிருந்தே உன்னைக் காதலிக்கிறேன்.’ எங்கள் மொழியில் ஒன்பது அசை, நடிகரின் உதடு ஒன்பது முறை அசைகிறது. எழுதும்போது நானே கண் கலங்கினேன். ஆனால் நிறுவனம் முப்பது பேரைக் கூப்பிட்டு முன்கூட்டியே போட்டுக் காட்டியபோது, அந்த இடத்தில் முப்பது பேரும் சிரித்தார்கள்.

மறுபடி படம் எடுக்க வழியில்லை. நடிகர் வேறு தொடருக்காகப் பாலைவனத்தில் இருந்தார். படம் அப்படியே இருக்க, வரியை மட்டும் மாற்ற வேண்டும். உதட்டுக்குப் பொருந்துகிற ஒன்பது அசை. அன்று மாலை ஆறு மணிக்குள். இல்லையென்றால் பழைய வரியே போகும் என்று தயாரிப்பாளர் போனில் சொல்லிவிட்டார். போனால் தொடரின் உச்சக் காட்சியே கேலிக்கூத்து. முப்பது எபிசோட் உழைப்பு அந்த ஒரு சிரிப்பில் கவிழும்.

ஸ்டூடியோக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நானும் குவாங் அக்காவும். அந்தப் பக்கம், ஒரே மைக்குக்கு முன்னால் அவர்கள் இருவரும். துணி சரசரக்கக் கூடாது என்று பருத்திச் சட்டை, வயிறு உறுமக் கூடாது என்று ஆளுக்கொரு பன் சாப்பிட்டிருந்தார்கள்.

நான் எழுதிக்கொடுத்தேன்; தோங் பேசினான். முதல் வரிக்கே குவாங் அக்கா பொத்தானை அழுத்தினார். “தோங், அவன் வாயை மூடியாச்சு. நீ இன்னும் காதலிச்சிட்டே இருக்க.”

இரண்டாவது வரி மூன்று அசை குறைந்தது. ஐந்தாவது வரி அளவாகப் பொருந்தியது, ஆனால் பல் டாக்டர் பேசுவது போல இருந்தது. பதினோராவது வரியைக் கேட்டு மியாவ் லின் மேசையில் தலை சாய்த்துச் சிரித்தாள். மூன்று மணி. நான்கு மணி. ஜன்னல் இடுக்கு வழியாக எப்படியோ பஞ்சு புகுந்து தோங் ஆறு முறை தும்மினான்.

நாலேகாலுக்கு மியாவ் லின் ஹெட்போனைக் கழற்றினாள்.

“பெய் டீச்சர், ஒண்ணு சொல்லட்டா? நீங்க எழுதறது எல்லாமே பொய்.”

“எல்லாமுமா?”

“இந்தச் சீன்ல மட்டும். மத்ததெல்லாம் நெஜம். எனக்குத் தெரியாதா? எட்டாவது எபிசோட்லயே கண்டுபிடிச்சுட்டேன். என் கொழுக்கட்டை அது.”

எனக்குக் காது சூடாகியது. குவாங் அக்கா சூரியகாந்தி விதை கொறிப்பதை நிறுத்தினார்.

“கோவிச்சுக்கல,” என்றாள். “ஆனா பாருங்க, நீங்க கேட்டதை வெச்சு எழுதினீங்க, எல்லாம் சரியா வந்துச்சு. இதை மட்டும் நீங்க கேட்டதே இல்ல. யாருமே சொன்னதில்லையே, எங்கேர்ந்து கேப்பீங்க? அதான் தப்பாப் போச்சு.”

திருட முடியாத ஒரே வரி. என் இருபது வருடத் தொழிலில் இதைவிடச் சரியான விமர்சனம் எனக்குக் கிடைத்ததில்லை.

தோங் தாளையே பார்த்துக்கொண்டு நின்றான். கொழுக்கட்டை என்றதும்தான் அவனுக்கு விளங்கத் தொடங்கியது என்று நினைக்கிறேன்.

அவள் அவன் பக்கம் திரும்பினாள். “கதாநாயகனை விடு. நீயா இருந்தா அந்த எடத்துல என்ன சொல்லுவ?”

“நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்.”

“தெரியும். பதினெட்டு வருஷமாத் தெரியும்.”

மைக் ஓடிக்கொண்டிருந்தது. அவள் குரல் ஒரு நூல் அளவு நடுங்கியதை ஒலிமானியின் முள் காட்டிக்கொடுத்தது.

5

[இங்கே ஒரு பக்கம் எழுதிக் கிழித்தேன். அவன் மனதில் என்ன ஓடியது, சிசிஹாரின் பனி, பழைய மேசை என்றெல்லாம். அவன் மனதில் என்ன ஓடியது என்று எனக்கு எப்படித் தெரியும்? கண்ணால் கண்டதை மட்டும் எழுதுகிறேன்.]

குவாங் அக்கா யாரையும் கேட்காமல் படத்தை ஓடவிட்டார்.

திரையில் நாயகன் ஓடி வந்தான், கையை நீட்டினான், உதடு திறந்தது. தோங்கின் கையில் இருந்த தாளில் எல்லா வரியும் அடிக்கப்பட்டிருந்தது. அவன் திரையைப் பார்த்தே பேசினான். மெருகேற்றிய டப்பிங் குரலில் அல்ல; சிசிஹார்க்காரன் மூக்கால் பேசுகிற சொந்தக் குரலில்.

“நானும் வர்றேன், பெட்டியக் குடு.”

ஒன்பது அசை. முதல் உதட்டசைவில் தொடங்கிக் கடைசி அசைவில் முடிந்தது. அது மட்டுமல்ல. நாயகன் அந்த ஷாட்டில் கையை நீட்டியது அவள் கையைப் பிடிக்க. இந்த வரி வந்ததும் அதே கை பெட்டியைக் கேட்டது. எத்தனையோ காலமாக அவளுடைய பையை, குடையை, மளிகையை வாங்கித் தூக்கியவன் நீட்டுகிற கை அது. நான் எழுதாத அர்த்தம் நான் எடுக்காத படத்துக்குள் வந்து உட்கார்ந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

படம் நிற்கவில்லை. அடுத்த ஷாட் நாயகியின் முகம். அவளுக்கும் ஒரு பதில் வரி உண்டு, ஆறு அசை. மியாவ் லின் ஹெட்போன் போடாமலே மைக்கிடம் குனிந்தாள்.

“டிக்கெட் எடுத்தியா?”

ஆறு. கச்சிதம்.

காட்சி அங்கே முடிகிறது. தோங் முடிக்கவில்லை. “டிக்கெட் எதுக்கு, வேலையே பாத்தாச்சு,” என்றான். “ஷியாமென்ல ஒரு டப்பிங் ஸ்டூடியோ. போன மாசமே பேசி முடிச்சுட்டேன்.”

“போன மாசமா? நான் உன்கிட்ட சொல்லியே பத்து நாள்தான்டா ஆகுது!”

“குவாங் அக்கா சொன்னாங்க.”

நாங்கள் மூவரும் குவாங் அக்காவைப் பார்த்தோம். அவர் கூரையைப் பார்த்தார். “இந்த விளக்கு ஒண்ணு மினுக்குதே, கவனிச்சீங்களா?” என்றார்.

“அப்புறம் ஏன்டா சொல்லல?” மியாவ் லின் தாளைச் சுருட்டி அவன் தோளில் அடித்தாள். “ஆறு அட்டைப்பெட்டி கொண்டுவந்து வெக்கத் தெரியுது, இது சொல்லத் தெரியலையா?”

“அதுல மூணு எனக்கு. நீ ‘கூட வா’ன்னு ஒரு வார்த்தை சொல்லுவன்னு காத்துட்டிருந்தேன்.”

“நீ ‘போகாத’ன்னு சொல்லுவன்னு நான் காத்துட்டிருந்தேன்!”

“போகாதன்னு எப்படிச் சொல்றது? நல்ல வேலை, பூனை. நீ போகணும். நானும் வரணும். அவ்வளவுதான்.”

அவ்வளவுதான். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, நேற்று நூடுல்ஸ் கடையில் இவனை மடையன் என்று திட்டியது நினைவு வந்தது. கோழை என்று நான் எழுதவிருந்தவன், ஒரு மாதம் முன்பே ஊரையே மாற்றிக்கொண்டுவிட்டு, அதைச் சொல்ல மட்டும் வார்த்தை தெரியாமல் நின்றிருக்கிறான்.

மியாவ் லின் அவன் சட்டையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். அந்த நொடியில் குவாங் அக்கா கையை நீட்டி மைக்கின் சுவிட்சை அணைத்தார்.

“அக்கா!” என்று கத்தினேன்.

“போதும், பெய் டீச்சர். முப்பது எபிசோட் எடுத்தாச்சு. இது அவங்களோடது.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் என்னவோ சொன்னாள். அவன் தலையாட்டினான். அவள் இன்னொன்று சொன்னாள். அவன் அழுதான், பிறகு சிரித்தான், பிறகு தும்மினான். அவள் தன் கைக்குட்டையால் அவன் மூக்கைத் துடைத்துவிட்டு, அங்கேயே, மைக்குக்கு முன்னாலேயே முத்தமிட்டாள்.

(பிற்பாடு எத்தனையோ முறை கேட்டேன். அவள் என்ன சொன்னாள் என்று இருவருமே சொல்லவில்லை. நான் திருடி என்று இப்போது அவர்களுக்குத் தெரியுமே.)

6

ஐந்து நாற்பதுக்குத் தயாரிப்பாளருக்கு ஒலியை அனுப்பினோம். திரும்ப அழைத்தார். “என்னம்மா இது? காதல்ங்கற வார்த்தையே இல்லையே! பெட்டியக் குடுன்னா? ஸ்டேஷன் போர்ட்டரா அவன்?”

“மறுபடி ஒரு தடவை கேளுங்க,” என்றேன்.

“கேட்டுட்டேன்.”

“உங்க மனைவியைக் கூப்பிட்டுக் கேக்கச் சொல்லுங்க.”

போனை வைத்தார், பத்து நிமிடம் ஆயிற்று. பிறகு ஒரு குறுஞ்செய்தி: ‘அழுகிறாள். இதுவே இருக்கட்டும்.’

அந்த வீம்பிலேயே இன்னொன்றும் கேட்டேன். குரல் கொடுத்தவர்கள் பெயர் எப்போதும் கடைசியில், சாப்பாடு சப்ளை செய்தவருக்கும் கீழே, பொடி எழுத்தில் ஓடும். முகப்பிலேயே, நடிகர்களுக்கு அடுத்து போட வேண்டும் என்றேன். இரண்டு வாரம் சண்டை. என் பெயரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் போடுங்கள் என்றதும் பயந்துபோய் ஒப்புக்கொண்டார்கள். என் பெயரும் இருக்கிறது, கொஞ்சம் சிறிதாக.

இப்போது முடிவு. என்னிடம் மூன்று இருக்கிறது.

முதல் முடிவு: சிசிஹாரில் கல்யாணம், பனி, ஆட்டுக்கறி, இரண்டு குடும்பமும் ஒரே மேசையில். (இன்னும் நடக்கவில்லை. தோங்கின் அம்மா தேதி பார்த்துக்கொண்டிருக்கிறார். ‘பதினெட்டு வருஷமா நான் அந்தப் பொண்ணு தட்டுல கறி எடுத்து வெச்சது சும்மாவா?’ என்று கேட்டாராம்.)

இரண்டாவது முடிவு: ஷியாமென் போன பிறகு அவர்களுக்குள்— (வேண்டாம். இதை எழுதக் கை வரவில்லை. சோகமாக முடித்தால் ஆழமாக இருக்கும் என்று நினைக்கிற எழுத்தாளர்களில் நானும் ஒருத்தியாக இருந்தேன். அந்தப் புதன்கிழமையோடு விட்டுவிட்டேன்.)

மூன்றாவது, நான் நேரில் கண்டது. அதைச் சொல்கிறேன்.

7

ஆகஸ்டில் தொடர் வெளியானது. இருபத்திரண்டாவது எபிசோட் வந்த மறுநாள், நாடெங்கும் ரயில் நிலையங்களில் இளைஞர்கள் கையை நீட்டிக்கொண்டு நிற்கிற வீடியோக்கள் வரத் தொடங்கின. சின்ன வயதுச் சிநேகிதனிடமிருந்து ‘பெட்டியக் குடு’ என்று செய்தி வந்து ஒரு பெண் பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கியதாக எனக்கே கடிதம் எழுதினாள். சிரித்த முப்பது பேரில் ஒருவரை மறுபடி பார்த்தேன். மூன்று முறை பார்த்து மூன்று முறையும் அழுததாகச் சொன்னார்.

மாதக் கடைசியில் இருவரும் தெற்கே கிளம்பினார்கள். காலை ரயில். நானும் குவாங் அக்காவும் வழியனுப்பப் போனோம். மியாவ் லின் பச்சை உடையில் இருந்தாள். தோங் பெட்டிகளுக்கு நடுவில் பாதி மறைந்திருந்தான். வரிசையில் நின்றதும் சண்டை ஆரம்பித்துவிட்டது.

“ஜன்னல் சீட் எனக்கு. டிக்கெட் போட்டது நான்.”

“பதினோரு மணி நேரமும் நீ தூங்கப் போற. தூங்கறவனுக்கு ஜன்னல் எதுக்குடா?”

“சாஞ்சு தூங்கத்தான்!”

“என் மேல சாயேன், யார் வேணாங்கறா?”

எங்களுக்கு முன்னால் நின்ற கல்லூரிப் பெண் சட்டென்று திரும்பினாள். அவர்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தாள். தெரிந்த முகமே அல்ல. ஆனால் கண் விரிந்துகொண்டே போனது.

“அக்கா… இன்னொரு தடவை பேசுங்க.”

“என்னம்மா பேசணும்?”

“ஐயோ! நீங்கதான்! ‘டிக்கெட் எடுத்தியா’ நீங்கதான்!”

வரிசை கலைந்தது. யாரோ போனைத் தூக்கினார்கள், ஒரு தாத்தா என்ன விஷயம் என்று கேட்டார், அவர் பேத்தி காதில் கத்திச் சொன்னாள். இத்தனை வருடம் மற்றவர்களின் முகத்துக்குள் வாழ்ந்த இரண்டு பேரைச் சுற்றி அறுபது பேர் நின்றார்கள். “பேர் சொல்லுங்க, உங்க பேர் என்ன?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

“மியாவ் லின்,” என்றாள் அவள், மைக்குக்குச் சொல்வது போல நிறுத்தி நிதானமாக. யாரும் சிரிக்கவில்லை. கைதட்டினார்கள்.

“தோங் ஹைஷெங்,” என்றான் அவன். பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து காது வரை சிவந்திருந்தான். அதற்கும் தட்டினார்கள். குவாங் அக்கா எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார். விதைத்தோல் கையிலிருந்து பறந்தது. நான் அழுதேன். வெட்கமில்லாமல் எழுதிவைக்கிறேன், அழுதேன்.

நுழைவு மூடப் போவதாக அறிவிப்பு வந்தது. இருவரும் ஓடினார்கள். படிக்கட்டில் இறங்கும் வரை அந்த இரண்டு குரலும் கேட்டுக்கொண்டே இருந்தது, இன்னமும் சீட்டுக்காக.

அந்தச் சண்டையில் யார் ஜெயித்தார் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. இந்தக் கதைக்கு நான் விட்டுவைத்திருக்கும் ஒரே காலியிடம் அது, நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். ஜன்னலை அவளுக்குக் கொடுங்கள், அல்லது அவனுக்குக் கொடுங்கள். எப்படி முடித்தாலும் எனக்குச் சம்மதம். எப்படி முடித்தாலும் அடுத்த சீட்டில் இருப்பது மற்றவர்தான்.